'ஹிம்செல்ஃப்' என்றால் 'தன்னை' என்றுதானே படித்தோம்?

நீங்கள் மூன்று வாக்கியங்களைக் கொடுத்திருக்கிறீர்கள். அலுவலக மின்னஞ்சலில் 'ப்ளீஸ் கான்டாக்ட் மைசெல்ஃப்' என்று எழுதினீர்கள், மேலாளர் அதை 'மீ' என்று திருத்திவிட்டார். 'ஐ கட் மைசெல்ஃப்' என்பதை மட்டும் எல்லோரும் சரி என்கிறார்கள். அப்புறம், 'ரவி தன்னை மாலா பாராட்டியதாகச் சொன்னான்' என்பதை 'ரவி செட் தட் மாலா ப்ரெய்ஸ்ட் ஹிம்செல்ஃப்' என்று மொழிபெயர்த்தீர்கள், அதையும் தவறு என்று அடித்துவிட்டார்கள். 'ஹிம்செல்ஃப் என்றால் தன்னை என்றுதானே படித்தோம், பிறகு ஏன்?' என்று முடித்திருக்கிறீர்கள். என்னைக் கேட்டால் அந்தக் கடைசி வரிதான் உண்மையான கேள்வி. மற்ற இரண்டு குழப்பங்களும் அதிலிருந்துதான் கிளைக்கின்றன.

நான் மொழியியல் படித்தவன், இருபது வருடத்துக்கு மேலாக வேலைக்குப் போகும் பெரியவர்களுக்கு ஆங்கில இலக்கணம் சொல்லித்தருகிறேன். இந்த இடத்தில் தடுக்கி விழாத தமிழ் மாணவரை நான் மிகக் குறைவாகவே பார்த்திருக்கிறேன், நல்ல ஆங்கிலம் பேசுகிறவர்கள் உட்பட. காரணம் அறிவுக்குறைவு இல்லை. பள்ளியில் நாம் மனப்பாடம் செய்த அட்டவணை, அதாவது ஐ, மீ, மை, மைன், மைசெல்ஃப் என்று வரிசையாகப் போகுமே அது, சொற்களின் வடிவத்தை மட்டும்தான் சொல்கிறது. எந்த வடிவம் எங்கே உட்காரும் என்று அது சொல்வதே இல்லை. அதனால் 'மைசெல்ஃப்' என்பது 'மீ'-யின் கொஞ்சம் கனமான, கொஞ்சம் மரியாதையான வடிவம் போல என்ற எண்ணம் மனதில் தங்கிவிடுகிறது. அது அப்படி இல்லை.

நிச்சயமாகச் சொல்லக்கூடியதிலிருந்து தொடங்குகிறேன். ஒரு வாக்கியத்துக்குள், இன்னும் சரியாகச் சொன்னால் ஒரே ஒரு வினைச்சொல்லைச் சுற்றியிருக்கும் சின்ன வட்டத்துக்குள், செயலைச் செய்கிறவரே அதை வாங்கிக்கொள்கிறவராகவும் இருந்தால் அங்கே செல்ஃப் வடிவம் வரும். வேறொருவர் வாங்கிக்கொண்டால் சாதாரண வடிவம் வரும். 'ரவி ஹிட் ஹிம்' என்றால் ரவி யாரோ ஒருவனை அடித்தான். ஆங்கிலம் பேசுகிறவர் காதில் அந்த 'ஹிம்' ரவியாக இருக்கவே முடியாது. 'ரவி ஹிட் ஹிம்செல்ஃப்' என்றால் அடிபட்டது ரவி மட்டும்தான், வேறு யாரும் கிடையாது. படர்க்கையில் இந்தத் தவறு நடந்தால் அடிபட்ட ஆளே மாறிவிடும். தன்மையில் அந்த ஆபத்து இல்லை, 'ஐ கட் மீ' என்று சொன்னாலும் வெட்டுப்பட்டது நான்தான் என்று புரிந்துவிடும், காதுக்கு மட்டும் தவறாக ஒலிக்கும். அதனால் பயிற்சி எடுக்கும்போது 'மைசெல்ஃப்'-இல் தொடங்காமல் 'ஹிம்செல்ஃப்', 'ஹர்செல்ஃப்' ஆகியவற்றில் தொடங்குங்கள் என்று சொல்வேன். அங்கேதான் விதி வெளிச்சமாகத் தெரியும்.

'ப்ளீஸ் கான்டாக்ட் மைசெல்ஃப்' இப்போது உங்களுக்கே புரிந்திருக்கும். தொடர்புகொள்ளப் போகிறவர் யார்? மின்னஞ்சலைப் படிக்கிறவர். ஏவல் வாக்கியத்தில் 'யூ' வெளியே தெரியாமல் ஒளிந்திருக்கிறது. செய்கிறவர் அவர், வாங்கிக்கொள்கிறவர் நீங்கள், இருவரும் வேறு வேறு ஆள், ஆகவே 'மீ'. அதே ஒளிந்திருக்கும் 'யூ'-வால்தான் 'ஹெல்ப் யுவர்செல்ஃப்' என்கிறோம், 'ஹெல்ப் யூ' என்று யாரையும் ஏவ முடியாது. உங்கள் மேலாளர் சரியாகத்தான் திருத்தியிருக்கிறார்.

இந்த ஒளிந்திருக்கும் ஆளைப் பிடிக்கப் பழகினால் பாதி வேலை முடிந்தது. 'மாலா ஆஸ்க்ட் ரவி டு கன்ட்ரோல் ஹிம்செல்ஃப்', 'மாலா ப்ராமிஸ்ட் ரவி டு கன்ட்ரோல் ஹர்செல்ஃப்' என்ற இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வரிசை ஒன்றேதான், மாலா, ரவி, அப்புறம் 'கன்ட்ரோல்'. ஆனால் முதலாவதில் கட்டுப்படுத்திக்கொள்ள வேண்டியவன் ரவி, ஏனென்றால் ஒருவரிடம் கேட்டுக்கொண்டால் செய்ய வேண்டியவர் கேட்கப்பட்டவர். இரண்டாவதில் மாலா, ஏனென்றால் வாக்கு கொடுத்தவர்தான் செய்ய வேண்டும். 'கன்ட்ரோல்' என்ற வினைக்கு முன்னால் யாருமே நிற்கவில்லை, ஆனாலும் ஆங்கிலக்காரர் மனதில் அங்கே ஒரு ஆள் இருக்கிறார், செல்ஃப் வடிவம் அந்த ஆளைத்தான் பார்க்கிறது. எனக்கு இந்த ஒரு ஜோடி மேல் தனிப் பிரியம் உண்டு. இலக்கணம் என்பது தாளில் தெரியும் சொற்களின் கணக்கு மட்டும் இல்லை என்பதை இவ்வளவு சுருக்கமாகக் காட்டும் உதாரணம் வேறு எனக்குக் கிடைக்கவில்லை.

இன்னொரு பொறி, பக்கத்தில் நிற்கும் பெயரை எழுவாய் என்று எண்ணிவிடுவது. 'ரவீஸ் மதர் ப்ளேம்ட் ஹிம்செல்ஃப்' என்று எழுதுகிறவர்கள் உண்டு. வாக்கியத்தின் தொடக்கத்தில் ரவி இருப்பது உண்மை, ஆனால் பழி சொன்னது அம்மா. ரவி அந்த அம்மா யார் என்று அடையாளம் காட்ட வந்தவன், அவ்வளவுதான். அம்மா தன்னையே நொந்துகொண்டால் 'ஹர்செல்ஃப்', ரவியைக் குறை சொன்னால் 'ஹிம்'. 'ஹிம்செல்ஃப்'-க்கு அங்கே இடமே இல்லை.

ஒரு திருத்தமும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். 'செய்கிறவர்' என்று நான் எளிமைக்காகச் சொல்லிக்கொண்டே போகிறேன், முழு உண்மை அதைவிடக் கொஞ்சம் அகலமானது. 'ரவி டோல்ட் மாலா அபவுட் ஹர்செல்ஃப்' சரியான வாக்கியம். ரவி மாலாவிடம் மாலாவைப் பற்றியே சொன்னான். மாலா அங்கே எழுவாய் இல்லை, ஆனால் அதே சின்ன வட்டத்துக்குள் முன்னாடியே வந்துவிட்டவள், அதனால் அவளைத் திரும்பச் சுட்ட முடிகிறது. நூற்றுக்கணக்கான வாக்கியங்களைத் திருத்திய அனுபவத்தில், எழுவாயைத் தேடினால் பெரும்பாலும் பிழை வராது, இது மாதிரி வாக்கியம் வரும்போது மட்டும் கொஞ்சம் தயங்கிப் பாருங்கள்.

சரி, உங்கள் மூன்றாவது வாக்கியம். இதில்தான் நம் தாய்மொழி நம்மை வேறு பக்கம் இழுக்கிறது. 'ரவி, மாலா தன்னைப் பாராட்டியதாகச் சொன்னான்' என்றால் தமிழில் 'தன்னை' யார்? ரவி. பாராட்டியது மாலா, அவள்தான் 'தன்னை'க்குப் பக்கத்தில் நிற்கிறாள், ஆனாலும் 'தன்னை' அவளைத் தாண்டிப்போய், வெளி வாக்கியத்தில் சொன்னவனான ரவியைப் பிடிக்கிறது. தமிழின் 'தான்' தூரத்தில் இருப்பவரைச் சுட்டக்கூடியது. ஜப்பானிய மொழியின் 'ஜிபுன்' என்ற சொல்லும் இதைப் போலத் தூரம் தாண்டும், சீன மொழியிலும் இப்படி ஒரு சொல் உண்டு, ஆகவே இது நம்மிடம் மட்டும் இருக்கும் விசித்திரம் இல்லை. ஆங்கிலத்தின் 'ஹிம்செல்ஃப்' அப்படித் தாண்டாது. 'தட்' என்ற வேலிக்கு உள்ளே இருந்துகொண்டு வெளியே இருக்கும் ரவியைத் தொட அதனால் முடியாது. உள்ளே இருப்பவள் மாலா, அவளோடு 'ஹிம்செல்ஃப்' பொருந்தவில்லை, அதனால் வாக்கியம் உடைகிறது. 'ரவி செட் தட் மாலா ப்ரெய்ஸ்ட் ஹிம்' என்பதுதான் சரி. அமெரிக்க மொழியியலாளர் நோம் சோம்ஸ்கி 1981-இல் இதை இரட்டை விதியாக வகுத்தார்: செல்ஃப் சொற்கள் தம் எல்லைக்குள்ளேயே, அதாவது நான் சொன்ன அந்தச் சின்ன வட்டத்துக்குள்ளேயே, ஒருவரோடு கட்டுண்டிருக்க வேண்டும், அவரையே சுட்ட வேண்டும், 'ஹிம்' போன்ற சாதாரணச் சொற்கள் அதே எல்லைக்குள் யாரோடும் கட்டுப்படாமல் விடுபட்டிருக்க வேண்டும். ஒன்று வரும் இடத்தில் மற்றது வராது என்பதுதான் இதன் சாரம். எல்லா மொழிக்கும் இந்த எல்லை ஒன்றுதானா என்ற விவாதத்தில் 'தான்' போன்ற சொற்களுக்கு முக்கியமான இடம் உண்டு.

அப்படியானால் 'ஹிம்செல்ஃப்'-க்குத் தமிழில் நேரான சொல் எது? என் பதில்: 'தன்னை' இல்லை, 'தன்னைத்தானே'. 'ரவி தன்னை அடித்தான்' என்று மட்டும் சொல்லிப் பாருங்கள், ஏதோ குறைகிற மாதிரி இருக்கும். 'தன்னைத்தானே அடித்துக்கொண்டான்' என்றால்தான் வாக்கியம் நிறைகிறது. மாறாக 'ரவி, மாலா தன்னைத்தானே பாராட்டியதாகச் சொன்னான்' என்று சொன்னால், பாராட்டப்பட்டது ரவி என்ற பொருள் போய்விடுகிறது, மாலா தன்னைப் புகழ்ந்துகொண்டாள் என்றுதான் காது எடுத்துக்கொள்ளும். கவனித்தீர்களா, 'தன்னைத்தானே' ஆங்கிலச் செல்ஃப் சொல்லைப் போலவே பக்கத்தில் இருப்பவரைத்தான் பிடிக்கிறது. ஆகவே மொழிபெயர்க்கும்போது 'தன்னை' வந்தால் உடனே 'ஹிம்செல்ஃப்' போடாதீர்கள். அந்த இடத்தில் 'தன்னைத்தானே' என்று வைத்துப் பொருள் மாறாமல் இருக்கிறதா என்று பாருங்கள். மாறாவிட்டால் செல்ஃப் வடிவம், மாறினால் வெறும் 'ஹிம்' அல்லது 'ஹர்'. இந்தச் சோதனை எல்லா இடத்திலும் அழகாக வேலை செய்யும் என்று சத்தியம் செய்ய மாட்டேன். 'ஷி இஸ் ப்ரவுட் ஆஃப் ஹர்செல்ஃப்' போன்ற வாக்கியங்களில் 'தன்னைத்தானே' இயல்பாக உட்காராது. ஆனால் உங்களைக் குழப்பிய 'சொன்னான், நினைத்தான், நம்பினாள்' வகை வாக்கியங்களில் இது கைகொடுக்கும்.

தமிழ் செய்யும் இன்னொரு வேலை, இந்தப் பொருளைச் சொல்லில் வைக்காமல் வினையின் வாலில் வைப்பது. 'கொள்' என்ற துணைவினையைச் சொல்கிறேன். 'அறிமுகப்படுத்திக்கொண்டான்' என்பதில் 'தன்னை' என்ற சொல் இல்லாவிட்டாலும் பொருள் புரிந்துவிடும். ஆங்கிலத்தில் வினைக்கு அப்படி வால் கிடையாது, 'இன்ட்ரட்யூஸ்ட் ஹிம்செல்ஃப்' என்று தனிச்சொல்லாகச் சொல்லியே ஆக வேண்டும். அதனால் 'ஹி இன்ட்ரட்யூஸ்ட்' என்று பாதியில் நின்றுவிடும் வாக்கியங்களை மாணவர் தாள்களில் நிறையப் பார்க்கிறேன். இதைச் சொன்னதும் சிலர் 'அப்போ கொள் வந்தால் செல்ஃப் போடலாமா?' என்று கேட்பார்கள். அதுவும் ஆபத்து. 'படுத்துக்கொண்டான்' என்பது வெறும் 'லே டவுன்'. 'பேசிக்கொண்டிருந்தான்' என்பதில் 'கொள்' தொடர்ந்து நடப்பதைக் காட்டுகிறது. 'திட்டிக்கொண்டார்கள்' என்றால் பெரும்பாலும் ஒருவரை ஒருவர் திட்டினார்கள், ஆங்கிலத்தில் அது 'ஈச் அதர்'. 'தே ப்ளேம்ட் தெம்செல்வ்ஸ்' என்றால் ஒவ்வொருவரும் தன்னைத்தானே நொந்துகொண்டார்கள், 'தே ப்ளேம்ட் ஈச் அதர்' என்றால் அவன் இவனையும் இவன் அவனையும். முதல் வாக்கியத்தில் குற்ற உணர்ச்சி, இரண்டாவதில் சண்டை. 'கொள்' இந்த எல்லாவற்றையும் தன் ஒரே தோளில் சுமப்பதால், தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போகும்போது எந்தச் சுமை என்று பார்த்துப் பிரித்தே ஆக வேண்டும்.

எந்த வினை செல்ஃப் கேட்கும், எது கேட்காது என்பதில் ஆங்கிலம் முழு ஒழுங்கோடு இல்லை, சிலவற்றைப் பழகித்தான் ஆக வேண்டும். குளிப்பது, முகம் மழிப்பது, உடுத்துவது போன்ற தினசரிக் காரியங்களுக்கு ஆங்கிலம் செல்ஃப் கேட்பதில்லை, 'ஐ வாஷ்ட் அண்ட் ட்ரெஸ்ட்' போதும், ஏனென்றால் ஒருவர் அதைத் தனக்குத்தானே செய்வார் என்பது சொல்லாமலே தெரியும். சின்னக் குழந்தை முதல்முறையாகத் தானே உடுத்திக்கொண்டது என்று சிறப்பித்துச் சொல்லும்போது மட்டும் 'ட்ரெஸ்ட் ஹிம்செல்ஃப்' வரும். 'ரிலாக்ஸ்', 'கான்சன்ட்ரேட்' இவற்றோடும் வேண்டாம். 'ஐ ஃபீல் மைசெல்ஃப் டயர்ட்' என்று எழுதாதீர்கள், 'ஐ ஃபீல் டயர்ட்' அவ்வளவுதான். எதிர்ப்பக்கத்தில், பெருமை என்று பொருள்படும் 'ப்ரைட்' வினையாக வந்தால் செல்ஃப் இல்லாமல் நிற்கவே நிற்காது. 'ஹி ப்ரைட்ஸ் ஹிம்செல்ஃப் ஆன் ஹிஸ் வொர்க்' என்பதில் 'ஹிம்செல்ஃப்' இருந்த இடத்தில் வேறு யார் பெயரையும் வைக்க முடியாது. 'என்ஜாய்' நமக்கு ரொம்பவும் வழுக்கும் சொல். 'வி என்ஜாய்ட்' என்று முடித்துவிடுகிறோம். எதை என்று சொல்ல வேண்டும், அல்லது 'வி என்ஜாய்ட் அவர்செல்வ்ஸ்' என்று முடிக்க வேண்டும். ஒருவருக்கு ஏதாவது கொடுத்துவிட்டு 'என்ஜாய்!' என்று தனியாகச் சொல்வது பேச்சில் பரவலாகிவிட்டது, அதை விட்டுவிடலாம்.

இடத்தைக் குறிக்கும் சொற்களுக்குப் பின்னால் விதி தளர்கிறது, இதைப் பாடத்தில் யாரும் அழுத்திச் சொல்வதில்லை. 'ஷி புட் த பேக் பிசைட் ஹர்', 'ஹி க்ளோஸ்ட் த டோர் பிஹைண்ட் ஹிம்', 'டேக் அன் அம்ப்ரெல்லா வித் யூ'. எல்லாவற்றிலும் திரும்பச் சுட்டப்படுவது செய்கிறவரேதான், ஆனாலும் செல்ஃப் வரவில்லை. பையை எங்கே வைத்தாள் என்பதுதான் செய்தி, அவள் தனக்கு எதையும் செய்துகொள்ளவில்லை. 'லுக் அட்', 'டாக் டு' மாதிரி வினையோடு பிணைந்த சொற்களுக்குப் பின்னால் விதி மறுபடி இறுகிவிடும், கண்ணாடியில் தன்னைப் பார்த்தவளுக்கு 'லுக்ட் அட் ஹர்செல்ஃப்' மட்டுமே. நடுவில் சில வாக்கியங்கள் இரண்டையும் ஏற்கும். போர்வையைத் தன் மேல் இழுத்துப் போட்டுக்கொண்டாள் என்பதற்கு 'ஓவர் ஹர்', 'ஓவர் ஹர்செல்ஃப்' இரண்டுமே காதில் விழுகின்றன. 'ரவி சா எ பிக்சர் ஆஃப் ஹிம்செல்ஃப்' என்பது சரிதான், ஆனால் இந்தப் படம், கதை, வதந்தி வகை வாக்கியங்களில் எல்லை எங்கே முடிகிறது என்று மொழியியலாளர்களே இன்னும் ஒத்துப்போகவில்லை. அவர்கள் தீர்க்காததை நான் உங்களுக்கு விதியாகச் சொன்னால் அது நேர்மையாக இருக்காது.

செல்ஃப் சொற்களுக்கு முற்றிலும் வேறான இரண்டாவது வேலை ஒன்று இருக்கிறது, அழுத்தம் கொடுப்பது. 'த ப்ரெசிடென்ட் ஹிம்செல்ஃப் கேம்' என்றால் ஜனாதிபதியே வந்தார். இங்கே யாரும் எதையும் வாங்கிக்கொள்ளவில்லை. இரண்டையும் பிரிக்க எளிய வழி, அந்தச் சொல்லை எடுத்துவிட்டுப் படிப்பது. எடுத்த பிறகும் வாக்கியம் நின்றால் அது அழுத்தம், 'த ப்ரெசிடென்ட் கேம்' நிற்கிறது. எடுத்ததும் விழுந்தால், அல்லது பொருள் மாறினால், அது முதல் வேலை. 'நானே சமைத்தேன்' என்பது 'ஐ குக்ட் இட் மைசெல்ஃப்', நம் ஏகாரம் செய்யும் வேலையை இங்கே செல்ஃப் செய்கிறது. 'பை மைசெல்ஃப்' என்றால் தனியாக என்றும் பொருள், யார் உதவியும் இல்லாமல் என்றும் பொருள், எது என்பதைச் சூழல்தான் சொல்லும்.

ஒரே சொல்லுக்கு ஏன் இப்படி இரண்டு வேலை? பழைய ஆங்கிலத்தில் தனியாகத் திரும்பச் சுட்டும் சொல் கிடையாது. 'அவனை' என்பதற்கு இருந்த சொல்லே 'தன்னை' என்றும் பொருள் தந்தது. 'செல்ஃப்' அழுத்தத்துக்காகப் பக்கத்தில் சேர்க்கப்பட்ட சொல். 'அவனையே' என்று அழுத்திச் சொல்லிச் சொல்லி, காலப்போக்கில் அந்த அழுத்தமே திரும்பச் சுட்டும் பொருளாக உறைந்துவிட்டது. ஜெர்மன் மொழி இரண்டையும் தனித்தனிச் சொல்லாக வைத்திருக்கிறது, தன்னை என்பதற்கு 'ஸிஷ்', அழுத்தத்துக்கு 'செல்ப்ஸ்ட்'. தமிழைப் பாருங்கள்: 'தன் வேலையைத் தான் செய்தான்' என்பதில் 'தான்' ஒரு பெயர், 'அவன்தான் செய்தான்' என்பதில் அதே ஒலி அழுத்தம். பன்மையில் பெயர் 'தாம், தாங்கள்' என்று மாறும், அழுத்தமோ 'அவர்கள்தான்' என்று மாறாமல் நிற்கும். ஒரே வடிவத்துக்கு இந்த இரண்டு வேலையும் இருப்பது நமக்குப் புதிது இல்லை, அதனால் இந்தப் பகுதி மட்டும் தமிழர்களுக்குச் சுலபமாகவே வருகிறது.

வடிவங்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 'மைசெல்ஃப்', 'யுவர்செல்ஃப்' இவற்றில் முன்னால் இருப்பது உடைமை வடிவம், 'ஹிம்செல்ஃப்', 'தெம்செல்வ்ஸ்' இவற்றில் முன்னால் இருப்பது நம் இரண்டாம் வேற்றுமைக்குச் சமமான வடிவம். இதை ஒழுங்குபடுத்துகிறேன் என்று 'ஹிஸ்செல்ஃப்', 'தெயர்செல்வ்ஸ்' என்று எழுதக் கூடாது. சில வட்டார வழக்குகளில் அவை உயிரோடு இருக்கின்றன, எழுத்தில் தவறாகவே கொள்ளப்படும். ஒருமை பன்மை இரண்டுக்கும் ஒன்றாகிவிட்ட 'யூ', செல்ஃப் வடிவத்தில் மட்டும் பிரிகிறது: ஒருவரிடம் 'யுவர்செல்ஃப்', பலரிடம் 'யுவர்செல்வ்ஸ்'. கூட்டத்தைப் பார்த்து 'இன்ட்ரட்யூஸ் யுவர்செல்ஃப்' என்று சொல்கிறவர்கள் இதைக் கவனிக்கலாம்.

அடுத்தது 'மாலா அண்ட் ஐ', 'மாலா அண்ட் மீ', 'மாலா அண்ட் மைசெல்ஃப்' சண்டை. முதல் இரண்டுக்கும் வழி தெளிவு. மாலாவை எடுத்துவிட்டுப் படியுங்கள். 'ஐ வென்ட்' என்போம், ஆகவே 'மாலா அண்ட் ஐ வென்ட்'. 'ஹி கால்ட் மீ' என்போம், ஆகவே 'ஹி கால்ட் மாலா அண்ட் மீ'. சின்ன வயதில் 'மீ'-யைத் திருத்தித் திருத்தி, 'ஐ'தான் படித்தவர்கள் சொல்வது என்ற பயம் ஏற்பட்டு, 'பிட்வீன் யூ அண்ட் ஐ' என்று எழுதுகிறவர்கள் ஆங்கிலம் தாய்மொழியாக உள்ளவர்களிலும் உண்டு. 'பிட்வீன்' என்பதற்குப் பின்னால் 'மீ' என்பதுதான் எழுத்து வழக்கு. இந்த இரண்டுக்கும் நடுவில் முடிவெடுக்க முடியாதவர்கள் ஒதுங்கும் இடம்தான் 'மைசெல்ஃப்'. அது தவறா? இங்கே நான் உறுதியாகச் சொல்வதையும் கருத்தாகச் சொல்வதையும் பிரித்துவிடுகிறேன். உறுதி: ஆங்கிலத்தில் தேர்ந்த எழுத்தாளர்கள் பல நூற்றாண்டுகளாக இப்படிப்பட்ட இணைப்புகளில் 'மைசெல்ஃப்' எழுதியிருக்கிறார்கள், 'பீப்பிள் லைக் மைசெல்ஃப்', 'ஆஸ் ஃபார் மைசெல்ஃப்' போன்றவற்றை இன்று பெரும்பாலோர் குறையாகவே நினைப்பதில்லை. அதே அளவு உறுதி: நடைக் கையேடுகள் பல 'மாலா அண்ட் மைசெல்ஃப் வில் அட்டெண்ட்' என்பதைத் தவிர்க்கச் சொல்கின்றன. என் கருத்து: தேர்விலும் அலுவலகத்திலும் தவிர்த்துவிடுங்கள், ஏனென்றால் 'ஐ', 'மீ' எழுதினால் யாரும் குறை சொல்லப் போவதில்லை, 'மைசெல்ஃப்' எழுதினால் சிலர் சொல்வார்கள். 'இட்ஸ் மீ', 'டாலர் தன் மீ' (என்னைவிட உயரம்) இவற்றையும் இப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். பேச்சில் முழுமையாக நிலைத்துவிட்டவை, 'இட் இஸ் ஐ' இன்று விறைப்பாக ஒலிக்கிறது. சந்தேகமாக இருந்தால் 'டாலர் தன் ஐ ஆம்' என்று வினையையும் சேர்த்துவிடுங்கள், சண்டையே இல்லை.

'மைசெல்ஃப் ரவி' என்று தன்னை அறிமுகப்படுத்திக்கொள்வதைப் பற்றியும் கேட்கிறவர்கள் உண்டு. 'நான் ரவி' என்பது தமிழில் வினை இல்லாமலே முழு வாக்கியம், அந்தப் பழக்கத்தில் ஆங்கிலத்திலும் வினை விழுந்துவிடுகிறது. 'லெட் மீ இன்ட்ரட்யூஸ் மைசெல்ஃப்' என்ற தொடரின் கடைசிச் சொல் வாயில் ஒட்டிக்கொண்டு அடுத்த வாக்கியத்தின் தொடக்கமாகிவிட்டது என்பது என் ஊகம், நிரூபணம் இல்லை. எப்படி வந்திருந்தாலும் 'ஐ ஆம் ரவி' என்று மாற்றிக்கொள்ளுங்கள். எழுவாய் இடத்தில் செல்ஃப் சொல் தனியாக நிற்காது, அது திரும்பச் சுட்ட அங்கே முன்னால் யாருமே இல்லையே.

சாதாரணச் சொற்களில் நமக்கென்று இருக்கும் இரண்டு தடுமாற்றங்களையும் தொட்டுவிடுகிறேன். 'அவர்' என்று மரியாதையாகச் சொல்லிப் பழகியதால் அப்பாவையோ ஆசிரியரையோ 'தே' என்று எழுதுகிறோம். 'ஹி', 'ஷி' இரண்டிலும் மரியாதையும் இல்லை, அவமரியாதையும் இல்லை, தயங்காமல் எழுதலாம். ஆணா பெண்ணா என்று தெரியாத ஒருவரை 'தே' என்பது வேறு விஷயம். அது 14-ஆம் நூற்றாண்டிலிருந்தே ஆங்கிலத்தில் இருக்கிறது. ஆண், பெண் என்ற இரண்டிலும் தன்னை அடக்கிக்கொள்ளாத ஒருவரைக் குறிக்கும் பொருளையும் 2019-இல் மெரியம்-வெப்ஸ்டர் அகராதி இந்தச் சொல்லுக்குச் சேர்த்தது. அப்படிப்பட்ட ஒருமை 'தே'-க்குச் செல்ஃப் வடிவம் 'தெம்செல்ஃப்'-ஆ 'தெம்செல்வ்ஸ்'-ஆ என்பது இன்னும் முழுதாக முடிவாகவில்லை, எந்தக் கையேட்டைப் பின்பற்றுகிறீர்களோ அதைப் பாருங்கள். இரண்டாவது தடுமாற்றம் 'தன்', 'அவன்' வேறுபாடு. 'ரவி தன் தம்பியைக் கூப்பிட்டான்', 'ரவி அவன் தம்பியைக் கூப்பிட்டான்' இரண்டும் ஆங்கிலத்தில் 'ஹிஸ் ப்ரதர்' ஆகிவிடும். செல்ஃப் சொல்லுக்கு உடைமை வடிவம் கிடையாது, 'ஹிம்செல்ஃப்ஸ்' என்று ஒன்று இல்லை. குழப்பம் வரும் என்று தோன்றினால் மட்டும் 'ஹிஸ் ஓன்' என்று சேர்த்துவிடுங்கள், ஒவ்வொரு 'தன்'னுக்கும் 'ஓன்' போட ஆரம்பித்தால் வாக்கியம் உறுத்தும்.

உங்கள் மின்னஞ்சலுக்கே திரும்பி வருகிறேன். நீங்கள் அங்கே 'மீ' எழுதத் தயங்கியது அது மரியாதைக் குறைவாக ஒலிக்குமோ என்ற எண்ணத்தால் என்று கேள்வியின் நடுவில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். பணிவு வேண்டுமென்றால் அதை வாக்கியத்தின் வேறு இடத்தில் வையுங்கள், 'ப்ளீஸ் ஃபீல் ஃப்ரீ டு கான்டாக்ட் மீ' என்று எழுதினால் அது வந்துவிடுகிறது. இன்னொருவரையும் சேர்க்க வேண்டியிருந்தால் 'ப்ளீஸ் கான்டாக்ட் மாலா ஆர் மீ'. முதல் தடவை எழுதும்போது 'மீ' வெறுமையாகத் தெரியும். நாலு மின்னஞ்சல் போன பிறகு அப்படித் தோன்றாது.